ஒரு வட்டும் பல வாசகரும்

நூலகம் என்றதும் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் கட்டடமே பலர் மனக்கண்ணில் தோன்றும். சற்று ஆராய்ந்தால், ஒரு பிரதியைப் பலருக்குப் பயன்படச் செய்யும் ஏற்பாடே நூலகம் என்பது புலனாகும். ஒருவர் விலைகொடுத்து வாங்கும் நூல் அவர் வீட்டு அலுமாரியோடு அடங்கிவிடலாம். அதே நூல் பொது வாசிகசாலையில் இருக்குமாயின் எத்தனையோ பேர் அதனைப் படிக்கலாம். ஆயினும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகவே படிக்க வேண்டும். ஒருவர் கையில் இருக்கும் நூல் அவ்வேளையில் மற்றவருக்கு இல்லாத நூலே. ஓலைச்சுவடிக் காலத்தில் இருந்த இவ்விடர்ப்பாடு அச்சு நூற் காலத்திலும் தீரவில்லை. கணினி வந்த பின்னரும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அது புதிய வடிவில் நூலகர்களை வருத்தியது. அக்காலத்தில் அறிவுச் செல்வத்தைச் சுமந்து வந்தது இறுவட்டு. ஓர் இறுவட்டை ஒருவர் மட்டுமே படிக்கலாம் என்ற நிலையை மாற்றி, ஒரே வேளையில் பலர் தத்தம் முனையங்களிலிருந்து அதனைப் படிக்கும்படி செய்த முயற்சியின் வரலாறு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. மறக்கத்தக்க வரலாறு அன்று அது.

கொழும்பு மாநகருக்கு இப்பிரச்சினை புதியதன்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், கொழும்பு நூதனசாலை நிறுவப்பெற்றது. 1870இல் தொடங்கப்பெற்ற அரசாங்கக் கீழைத்தேய நூலகம் அதனுடன் இணைக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கையில் அச்சிடப்பெறும் நூல்களின் பிரதி அந்நூலகத்தைச் சேர வேண்டியதாயிற்று. வண்ணார்பண்ணையில் அச்சிட்ட தமிழ் நூலும் காலியில் அச்சிட்ட சிங்கள நூலும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. காப்பாற்றுதல் என்ற நோக்கம் இதனால் நிறைவேறியது. ஆனால் கொழும்புக்கு வந்து, வாசிப்பறையில் அமர்ந்து, முறைக்காகக் காத்திருக்கக் கூடியவருக்கே அந்நூல்கள் எட்டின. கொட்டாஞ்சேனையில் 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும், 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் நிலைபெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் கூடிக் கற்கும் வழக்கத்தை இந்நகரத் தமிழரிடையே வளர்த்தன. அங்கெல்லாம் பங்கிட்டுக் கொள்ளும் விருப்பம் இருந்தது, பிரதிகள்தாம் போதவில்லை.

ஒரு பொருளைப் பலர் ஒரே வேளையில் துய்க்கலாம் என்பதை இந்நகருக்கு முதலில் காட்டியது வானொலி. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிலையத்தில் சுழலும் இசைத்தட்டு ஒன்றே. அதனைக் கேட்ட வீடுகளோ எண்ணிறந்தவை. ஆனால் வானொலி கொடுப்பதை, அது கொடுக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். நூலைத் தேடும் வாசகன் அவ்வாறு அமைவதில்லை. அவன் தனக்கு வேண்டிய பக்கத்தை, தனக்கு வேண்டிய வேளையில் புரட்ட விரும்புகிறான். இசைத்தட்டைப் போல் ஒன்றாயிருந்து, நூலைப் போல் ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் பணிசெய்யும் பொருள் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது.

இத்தேவையை மிகவும் கடுமையாக உணர்ந்தவர்கள் மருத்துவர்களே. ஐக்கிய அமெரிக்காவில் படை மருத்துவராயிருந்த யோன் ஷோ பில்லிங்ஸ் என்பார் 1879ஆம் ஆண்டில் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அட்டவணையைத் தொடங்கினார். உலக மருத்துவச் சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளைப் பொருள்வாரியாகவும் ஆசிரியர் வாரியாகவும் வகுத்துக் காட்டுவது அதன் பணி. நூற்றாண்டு வளர வளர அவ்வட்டவணை வாசிகசாலைத் தட்டுகளை நிரப்பும் பெருந்தொகுதியாயிற்று. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அதனைத் தொகுக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. 1971ஆம் ஆண்டில் 'மெட்லைன்' என்ற பெயரில், தொலைபேசிக் கம்பி வழியாகவே அத்தரவுத்தளத்தைத் தேடும் வசதி பிறந்தது. 1972 முதல் 'டயலொக்' போன்ற வணிக நிறுவனங்களும் பல துறைத் தரவுத்தளங்களை இவ்வாறே வாடகைக்கு விட்டன.

வசதி பிறந்தது, எல்லோருக்கும் பிறக்கவில்லை. அக்காலத் தேடலுக்கு, இணைந்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு டொலரிற் கட்டணம் அறவிட்டனர். அதற்கு மேலாகக் கடல் கடந்த தொலைபேசிக் கட்டணமும் உண்டு. வாசிங்டனில் இருக்கும் மாணவன் தவறான சொல்லை இட்டுத் தேடினால் மீண்டும் தேடலாம். கொழும்பில் இருப்பவன் தவறினால் நூலகத்தின் அந்நியச் செலாவணி கரைந்தது. தேடுதல் என்பதே தவறித் தவறித் திருத்திக் கொள்ளும் தொழில். ஒவ்வொரு தவறுக்கும் விலை குறிக்கப்பட்ட இடத்தில் கற்றல் நிகழாது. 1870இல் நிறுவப்பெற்ற கொழும்பு மருத்துவக் கல்லூரியின் வழிவந்த கின்சி வீதி மருத்துவ பீடம் போன்ற நிலையங்கள், அறிவின் வாயிலைக் கண்ணால் கண்டும் உள்ளே நுழைய இயலாத நிலையில் இருந்தன எனலாம்.

இந்நிலையிலேதான் இறுவட்டு வந்தது. ஒல்லாந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானிய சொனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இசை இறுவட்டு 1982ஆம் ஆண்டு ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. இசைக்குப் பதிலாக எழுத்தையும் எண்ணையும் அதிற் பதிக்கும் முறைக்கு அந்நிறுவனங்கள் 1983இல் ஒரு நியமம் வகுத்தன. 1985இல் அதனைப் படிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. 12 சென்ரிமீற்றர் விட்டமுடைய அத்தட்டில், ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளமுள்ள சுருட்பாதையில், கண்ணுக்குத் தெரியாத குழிகளாகச் செய்தி பதிக்கப்பட்டிருக்கும். லேசர்க் கதிர் அக்குழிகளை வருடிப் படிக்கும். ஒரு தட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 650 மெகாபைற்று. ஒரு பக்கத்துக்கு 2000 எழுத்துகள் என்று கொண்டால் 3 இலட்சம் பக்கங்களுக்கு மேல் அதில் அடங்கும். அக்காலத்து மேசைக் கணினியின் வன்தட்டு 20 அல்லது 40 மெகாபைற்று மாத்திரமே கொண்டது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். ஆண்டுச் சந்தா ஒன்றைச் செலுத்தினால் மெட்லைன் தரவுத்தளம் தபாலிலேயே வந்து சேர்ந்தது. எத்தனை முறை தவறித் தேடினாலும் கட்டணம் ஏறவில்லை. வறிய நாடுகளின் நூலகங்களுக்கு இது பெரும் விடுதலையாக அமைந்தது. 1990களில் கொழும்பின் மருத்துவ நூலகங்களிலும் ஆராய்ச்சி நூலகங்களிலும் இறுவட்டுத் தரவுத்தளங்கள் இடம்பெறலாயின.

ஆனால் பழைய இடர்ப்பாடு மறுவேடத்தில் வந்து நின்றது. வட்டு ஒன்று, அதனைப் படிக்கும் கருவி ஒன்று, அக்கருவி பொருந்திய கணினியும் ஒன்று. மூன்று இலட்சம் பக்கங்களைத் தன்னுள் அடக்கிய தட்டு, ஒரு நாற்காலியில் அமர்ந்த ஒருவருக்கே பயன்பட்டது. அச்சிட்ட அட்டவணையாவது பல தொகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒருவர் 1975ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டும்போது இன்னொருவர் 1980ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டலாம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடக்கியதன் விளைவாக, பத்துப் பேர் செய்த வேலைக்கு ஒருவரே இடம்பெற்றார். நேரம் பதிந்து, முறை வைத்து, அரைமணி நேரம் தேடிவிட்டு எழும்ப வேண்டியதாயிற்று. அன்றியும், ஆண்டுகள் பல தட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால் தட்டை மாற்றி மாற்றி இடும் வேலையும் நூலகர் தலையில் விழுந்தது.

சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தவர். நூல் பயன்பாட்டுக்குரியது என்பதும், வாசகனின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அவ்விதிகளின் சாரங்களுட் சில. அவ்விதிகளைக் கொண்டு அளந்தால், தனிக் கணினியில் பூட்டப்பட்ட இறுவட்டு தேர்வில் தேறாது. அதனைத் தேறச் செய்யும் வழியை நூலகர்களும் பொறியியலாளரும் 1980களின் பிற்பகுதியில் நாடினர்.

வழி, கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அமெரிக்காவில் சிரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் றொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் ஆகியோர் 1973இல் தொடங்கிய 'ஈதர்நெற்' முறை, 1983இல் சர்வதேசப் பொறியியல் நியமமாக ஏற்கப்பட்டிருந்தது. ஒரு கட்டடத்திலோ ஒரு வளவிலோ உள்ள கணினிகளைக் கம்பியால் இணைத்து, செக்கனுக்கு ஒரு கோடி துணுக்குகளைப் பரிமாறச் செய்வது அம்முறை. இதனையே இடத்துரி வலையமைப்பு என்கிறோம். கடல் கடந்த தொலைபேசிக்குக் கட்டணம் உண்டு. சொந்தக் கட்டடத்துக் கம்பிக்குக் கட்டணம் இல்லை. வட்டைச் சுழற்றும் கருவியை ஒரு மத்திய கணினியிற் பொருத்தி, மற்றக் கணினிகள் அதனை நாடும்படி செய்தால் ஒரு வட்டு பலருக்குப் பயன்படுமல்லவா? அம்மத்திய கணினியே சேவையகம்.

எண்ணம் எளிது, செயல் கடினமாயிருந்தது. முதற் தடை, அக்கால மேசைக் கணினிகளை இயக்கிய 'டொஸ்' என்னும் மென்பொருள். 32 மெகாபைற்றுக்கு மேற்பட்ட தட்டைக் கையாள அதற்குத் தெரியாது. இருபது மடங்கு பெரிதான இறுவட்டை அது எவ்வாறு ஏற்கும்? மைக்குரோசொவ்ற் நிறுவனத்தார் ஓர் உபாயம் செய்தனர். பக்கத்திலேயே இருக்கும் இறுவட்டை, எங்கோ தொலைவில் வலையமைப்புக்கு அப்பால் இருக்கும் தட்டு என்று கணினி நம்பும்படி ஒரு துணை மென்பொருளை எழுதினர். தொலைவிலுள்ள தட்டின் அளவைப் பற்றி டொஸ் கேள்வி கேட்பதில்லையாதலால் காரியம் நடந்தது. ஆனால் வலையமைப்பில் உள்ளதாகப் பாவனை செய்யப்பட்ட தட்டை மீண்டும் உண்மையான வலையமைப்பிற் பகிர முயன்றபோது சிக்கல் எழுந்தது. ஓரிடத்துத் தந்திரம் இன்னோரிடத்துத் தடையாயிற்று. இச்சிக்கலைத் தீர்க்கவே 'சீடி நெற்', 'ஒப்ரி நெற்' முதலிய தனி மென்பொருள்கள் தோன்றின. 1993இல் வெளிவந்த 'நெற்வெயர் 3.12' பதிப்பு இறுவட்டைச் சேவையகத்தின் சொந்தத் தட்டாகவே ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது தடை வேகம். முதற்கால இறுவட்டுக் கருவி செக்கனுக்கு 150 கிலோபைற்று வீதமே படித்தது. ஒரு தட்டை முதலிலிருந்து முடிவு வரை படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதனினும் பெரிய குறை, லேசர்க் கதிர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவ அரைச் செக்கன் அல்லது அதற்கு மேலும் எடுத்தது. ஒருவர் தேடும்போது இதனைப் பொறுத்துக் கொள்ளலாம். ஐந்து பேர் வெவ்வேறு சொற்களைத் தேடினால் ஒற்றைக் கதிர் ஐந்து இடங்களுக்கும் அலைந்து திரியும். அலையும் நேரமே பெரிதாகிப் படிக்கும் நேரம் சிறிதாகிவிடும். அங்காடியில் ஒரே தராசை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கு மாறி மாறி நிறுப்பவன் படும் பாட்டை இது ஒக்கும்.

இதற்கும் பரிகாரம் கண்டனர். தட்டுக்கு ஒன்றாக ஏழு கருவிகளை ஒரே கோர்வையில் அடுக்கிக் கோபுரம் போல் அமைத்தனர். இதனால் தட்டு மாற்றும் வேலை நீங்கியது. அடிக்கடி தேடப்படும் சொல்லட்டவணையை மாத்திரம் சேவையகத்தின் வன்தட்டில் அல்லது நினைவகத்திற் படியெடுத்து வைத்தனர். அப்போது தேடல் விரைந்த இடத்தில் நடந்தது. கட்டுரைப் பொழிப்பைக் காட்டும் தருணத்தில் மாத்திரமே இறுவட்டு சுழன்றது. நூலகத்தில் அட்டவணைப் பெட்டி வாசலில் இருக்க, நூல்கள் உள்ளறையில் இருக்கும் அமைப்பே இது. நூறாண்டு காலமாக நூலகர் அறிந்திருந்த ஒழுங்கைப் பொறியியலாளர் மீண்டும் கண்டுபிடித்தனர்.

மூன்றாவது தடை முனையங்களைப் பற்றியது. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் பலரிடம் இருந்தது முழுக் கணினி அன்று. 1978இல் வெளிவந்த 'விரி 100' போன்ற, திரையும் விசைப்பலகையும் மாத்திரம் கொண்ட முனையமே அவர்கள் மேசைமேல் இருந்தது. தானாகச் சிந்திக்க அதனால் இயலாது. மத்திய கணினி அனுப்பும் எழுத்தைக் காட்டும், அழுத்திய விசையைத் திருப்பி அனுப்பும். இறுவட்டைத் தேடும் மென்பொருளோ டொஸ் கணினியில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. முனையத்தார் அதனை எவ்வாறு அணுகுவது?

மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, முனையத்தை அகற்றி முழுக் கணினியை வைத்தல். அப்போது தேடும் வேலையை வாசகரின் கணினியே செய்யும். அட்டவணையின் பகுதிகள் யாவும் கம்பி வழியே வந்து போகும். செலவும் அதிகம், நெரிசலும் அதிகம். இரண்டாவது, நூலகத்தின் உள்ளறையில் ஒரு கணினியைத் தேடலுக்கென அமர்த்தி, அதன் திரையை மாத்திரம் முனையத்துக்கு அனுப்புதல். வாசகர் விசையை இங்கே அழுத்த, வேலை அங்கே நடக்கும். எழுத்துகள் மாத்திரமே பயணம் செய்வதால் மெலிந்த கம்பியும், ஏன், உள்ளூர்த் தொலைபேசியும் போதுமானது. ஆனால் ஒரு முனையத்துக்கு ஒரு கணினி கட்டுப்பட்டுக் கிடக்கும். மூன்றாவது வழியே முதிர்ந்த வழி. வாசகர் பக்கத்து மென்பொருள் கேள்வியை மட்டும் அனுப்பும். சேவையகம் தேடி விடையை மட்டும் திருப்பித் தரும். ஒரே சேவையகம் பலருக்கு மறுமொழி கூறும். கேட்பவரிடம் இருப்பது முனையமா முழுக் கணினியா என்பது அதற்குப் பொருட்டன்று. கேள்வியும் விடையும் எவ்வடிவில் அமைய வேண்டும் என்று நூலகங்களுக்கென வகுக்கப்பட்ட 'இஸட் 39.50' என்னும் அமெரிக்க நியமம் 1988இல் வெளிவந்தது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடும் ஒவ்வொருவரும் இம்மூன்றாம் வழியையே பின்பற்றுகின்றனர்.

இவ்வாறு கம்பியின் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. காகிதத்தின் தடை நீங்கவில்லை. வட்டோடு வந்த ஒப்பந்தப் பத்திரத்தில், ஒரு கணினியில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். வலையமைப்பில் இடுவதாயின் கூடுதற் கட்டணம் செலுத்த வேண்டும்; ஒரே வேளையில் இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. இதனினும் ஆழமான விடயம் ஒன்றிருந்தது. பல தரவுத்தளங்களை நூலகம் வாங்கவில்லை, வாடகைக்கே பெற்றது. புதிய வட்டு வந்ததும் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும். சந்தா நின்றால் கையில் எதுவும் எஞ்சாது. அச்சிட்ட இன்டெக்ஸ் மெடிக்கஸைப் பத்தாண்டு வாங்கிப் பின்னர் பணமின்றி நிறுத்திய நூலகத்தின் தட்டில் பத்தாண்டுத் தொகுதிகள் நிலைத்திருந்தன. பத்தாண்டு வாடகை செலுத்தி நிறுத்திய நூலகத்தின் தட்டு வெறுமையாயிற்று. வாசகருக்கு இவ்வேறுபாடு அன்று தெரியவில்லை. தேடுவது எளிதாயிருந்தபோது, தேடப்படும் பொருள் யாருக்குச் சொந்தம் என்று எவர் கேட்பர்?

கொழும்பில் இவ்வசதிகள் மெல்ல மெல்ல வளர்ந்த அதே ஆண்டுகளில் வடக்கின் நிலை வேறாயிருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. அங்கே மாணவர் குப்பி விளக்கொளியிற் படித்தனர். அச்சுப் புத்தகத்துக்கு அவ்வொளி போதும், இறுவட்டுக்குப் போதாது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இடைவெளியில் ஒரு நாட்டின் மாணவர் இரு காலங்களில் வாழ்ந்தனர். இடம்பெயர்ந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து தங்கிய பிள்ளைகள் இரண்டையும் அறிந்தவர்கள். எந்தப் பகிர்வும் அதனைத் தாங்கும் மின்கம்பி எட்டும் தூரம் வரையில்தான் செல்லும் என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே சான்று.

இறுவட்டு வலையமைப்பின் காலம் நீடிக்கவில்லை. 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் கல்வித் துறைக்கான மின்னஞ்சற் சேவை தொடங்கியது. 1995இல் வணிக அடிப்படையிலான இணையச் சேவையும் இலங்கைக்கு வந்தது. 1997ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் மெட்லைன் தரவுத்தளத்தை 'பப்மெட்' என்ற பெயரில் உலகோர் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. முன்பு டொலர் கணக்கில் விற்கப்பட்டதும், பின்னர் வட்டில் வாடகைக்கு வந்ததுமான அதே செல்வம் இப்போது கேட்போர்க்கெல்லாம் கிடைத்தது. வன்தட்டுகளின் கொள்ளளவும் பெருகியது. கோபுரமாக அடுக்கிய கருவிகளுக்கு வேலையில்லாது போயிற்று. அச்சிட்ட இன்டெக்ஸ் மெடிக்கஸும் 2004ஆம் ஆண்டோடு நின்றது. எஞ்சிய பழைய வட்டுகளைப் படிப்பதற்கு அவற்றுக்கென்றே எழுதப்பட்ட பழைய மென்பொருள் வேண்டும்; அம்மென்பொருளோ புதிய கணினிகளில் ஓடுவதில்லை. குழிகள் அழியாதிருந்தும் படிக்க ஆளில்லாத கல்வெட்டைப் போல் அவை கிடக்கின்றன.

தமிழர் நோக்கில் இவ்வரலாற்றை நோக்கும்போது ஒரு குறை துலங்குகிறது. அன்று உலகெங்கும் அனுப்பப்பட்ட அப்பெருந் தரவுத்தளங்கள் ஆங்கிலத்துக்கே உரியனவாயிருந்தன. தமிழ் நூல்களுக்கு அட்டவணை செய்யும் மரபு நமக்கு இல்லாமலில்லை. யோன் மேர்டொக் 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்கு வகுப்புமுறை அட்டவணை ஒன்றை வெளியிட்டார். பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வந்தது. தனிநாயக அடிகள் தமிழாய்வுக்கு உதவும் நூல்களைத் தொகுத்து 1966இல் வழிகாட்டி வெளியிட்டார். ஆனால் கணினியில் தமிழ் எழுத்தைக் குறிக்கப் பொதுமுறை ஒன்று வேரூன்றாத காலத்தில், ஒருவர் தட்டச்சிட்ட தமிழ் மற்றவர் கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. வட்டைப் பகிர்வதற்கு முன் எழுத்தையே பகிர வேண்டியிருந்தது. 1991இல் வெளியான யூனிக்கோட் நியமத்தில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது மேசைக் கணினிகளில் வழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன.

அந்த இடைவெளியில் அரசுகளோ நிறுவனங்களோ செய்யாததைத் தன்னார்வலர் செய்யத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரத்தின் முன்முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்தோர் தத்தம் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். 2005ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் பிறந்தது. தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர் தொடங்கிய அம்முயற்சி, நூல்களோடு சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள் என்பவற்றையும் படம்பிடித்து இணையத்தில் வைத்தது. இவற்றைப் படிக்கச் சந்தா இல்லை. ஒரே வேளையில் இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. திருப்பி அனுப்ப வேண்டிய வட்டும் இல்லை.

இம்முயற்சி ஈழத் தமிழரிடையே எழுந்ததற்குக் காரணம் வெளிப்படை. க. மு. செல்லப்பா என்பார் 1933இல் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிகசாலையே யாழ்ப்பாணப் பொது நூலகமாய் வளர்ந்தது. 1959இல் திறக்கப்பெற்ற அதன் கட்டடத்துக்கு ஆலோசனை கூறியோருள் மேலே குறித்த இரங்கநாதனும் ஒருவர். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது; மீண்டும் வாங்கப்பட்டன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் தாள்களும் சாம்பலாயின. அவற்றை மீட்க எந்தப் பொருளாலும் இயலவில்லை. ஒரு பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பது அதனைக் காப்பதாகாது என்பதை அத்தீ கற்பித்தது. அத்தட்டுகளின் உள்ளடக்கம் ஒரு கம்பி வழியே இன்னோர் ஊரின் தட்டுக்கும் சென்றிருந்தால் அன்று எரிந்திருப்பது கட்டடம் மாத்திரமே.

ஆகவே பகிர்தல் என்பது வாசகனின் வசதிக்காகச் செய்யும் உபகாரம் என்று கருதுவது குறைபாடுடைய கருத்து. ஏட்டைப் படியெடுத்த நம் முன்னோர் பிறர்க்குக் கொடுப்பதற்காகவே படியெடுத்தனர். கொடுத்தமையாலேயே அந்நூல்கள் நம்மை வந்து அடைந்தன. இறுவட்டுக் காலத்து நூலகர் பத்து முனையங்களுக்கு ஒரு வட்டைப் பங்கிடப் பட்ட பாட்டை மேலே கண்டோம். அவர்கள் வாசகனின் காத்திருப்பை வென்றனர். ஆனால் பங்கிடப்பட்ட பொருள் அவர்களுடையதன்று; ஆதலால் ஒப்பந்தம் முடிந்த நாளில் பகிர்வும் முடிந்தது. இன்று பல்கலைக்கழகங்கள் பெருஞ் சந்தா செலுத்திப் பெறும் மின்சஞ்சிகைகளின் நிலையும் பெரும்பாலும் அதுவே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சங்கங்கள், சபைகள், கோயில்கள், பாடசாலைகள் ஆகியவற்றின் அலுமாரிகளில் விழா மலர்களும் அறிக்கைகளும் பழஞ் சஞ்சிகைகளும் ஒற்றைப் பிரதியாக உறங்குகின்றன. அவற்றுக்கு எந்த வெளிநாட்டு நிறுவனமும் தரவுத்தளம் செய்யப் போவதில்லை. அவை வாடகைப் பொருளும் அல்ல. உரிமை நம்மிடமே உண்டு. படமெடுக்கும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பொறுப்பாளர் இசைவு பெற்று, பக்கம் தவறாது படமெடுத்து, எவரும் திறக்கக் கூடிய பொது வடிவில் சேமித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தால் ஒவ்வொரு மலரும் ஆயிரம் வாசகரை அடையும். மாணவரைக் கொண்டே இப்பணியை ஆண்டுக்கு ஓர் அலுமாரியாகச் செய்து முடிக்கலாம். முதலில் எடுக்க வேண்டியவை, வேறெங்கும் பிரதி இல்லை என்று தெரிந்தவை.